முன்பதிவு செய்யப்பட்ட மணல்

எங்கள் கடலோர ஊரான ராஸ் ஸித்ராவில் கடல் காப்பு உயர் ஆணையத்தின் கிளை திறக்கப்பட்ட நாளிலிருந்து கடலுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படித்தான் ஆணையம் சொல்கிறது. கடல் இதுவரை மறுத்துப் பேசவில்லை.

அலுவலகம் கடற்கரைத் தெருவில், என் காப்பிக்கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே நடப்பதில் பாதியை நான் என் கண்ணாலேயே பார்த்துவிடுவேன். மீதியை ஊழியர்கள் வந்து கொட்டிவிட்டுப் போவார்கள். கடல் பார்த்த அறைகளெல்லாம் இயக்குநருக்கும் துணை இயக்குநர்களுக்கும். தண்ணீரின் பளபளப்பு கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூசுகிறதாம். அதனால் அந்த ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரைச்சீலை போட்டு மூடியிருக்கிறார்கள்.

என் சின்னம்மா மகள் ராதியா அந்தக் கட்டடத்துக்குள் போனதே அவள் தொண்டையால்தான். பள்ளியில் புவியியல் டீச்சராகத் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் துறைமுகத்தில் நின்று, கிழிந்த வலையையும் கணவாய் பிடிக்கிற பிளாஸ்டிக் பானையையும் தண்ணீரில் வீசுகிற படகுக்காரர்களைக் கிழிகிழியென்று கிழிப்பாள். யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு இயக்குநர் ஷெத்லி ஐயா என் கடைக்கே வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கோடைகாலம். எங்கள் ஊர் ஆண்கள் வழக்கப்படி காதில் மல்லிகைச் செண்டு செருகியிருந்தார்.

"தங்கச்சி, கடலுக்காக நீங்க தொண்டை கிழியக் கத்தினது எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது. அதை எதுக்கு நீங்க சும்மா செய்யணும்? எங்ககிட்ட வந்திடுங்க. மாசாமாசம் சம்பளம் வாங்கிட்டு அமைதியா இருக்கலாம்" என்றார்.

ராதியா 'எங்ககிட்ட வந்திடுங்க' வரைக்கும்தான் கேட்டாள். அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசி வாக்கியத்தை நான்தான் கேட்டேன். அதை அவளிடம் சொல்லாமல் விட்டது என் மடத்தனம்.

அவளுக்கு 'கடல் நலப் பரிந்துரையாளர்' என்று பதவி கொடுத்தார்கள். கடல் தெரியாத பக்கமாக ஓர் அறையும் கொடுத்தார்கள். முதல் நாளே அவள் துறைமுகத்துக்குக் கிளம்ப, ஷெத்லி ஐயா படிக்கட்டில் மறித்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"படகுக்காரங்ககிட்ட பேசத்தான் ஐயா."

"எதைப் பத்தி?"

"கடலைப் பத்தி."

"ஐயையோ, கடலைப் பத்தித் தலைநகர்லேருந்து ஒப்புதல் வராம நாம பேசக்கூடாதும்மா. வெளி ஆள் யாரு வேணா பேசலாம். நாம பொறுப்புல இருக்கோமில்ல?"

"அப்ப நான் எதைப் பத்திப் பேசறது?"

"ஆணையத்தைப் பத்திப் பேசுங்க. அதுக்கு ஒப்புதலே வேண்டாம்."

அன்று மாலை கடைக்கு வந்தவள் பைன் பருப்பு போட்ட தேநீரை ஆறவிட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, ஒருவேளை எனக்குத்தான் புரியலையோ?" என்று கேட்டாள். ராதியாவின் குறையே இதுதான். எதிராளி உளறினால் தன் காதைச் சந்தேகப்படுவாள்.

அடுத்து கடற்கரைத் தூய்மை நாள் வந்தது. ஆளுநர் தம் கையாலேயே குப்பை பொறுக்கப் போகிறார் என்று ஊரெல்லாம் அறிவித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் அடித்த வடகாற்று கடற்கரையைத் துடைத்து வைத்துவிட்டது. மணல் கழுவிய தட்டு மாதிரி கிடந்தது. ஷெத்லி ஐயாவுக்கு முகம் பேயறைந்தது போலாகிவிட்டது.

"என்னம்மா இது, ஒரு காகிதம்கூடக் காணோமே! ஆளுநர் எதைப் பொறுக்குவாரு?"

"சுத்தமாயிருக்கேன்னு சந்தோஷப்படலாமே ஐயா" என்றாள் ராதியா.

"சுத்தமா இருக்கறதை எப்படிம்மா சுத்தம் பண்றது? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

சந்தைக் குப்பையை ஒரு லாரி நிறைய ஏற்றி வந்து மணலில் பரப்பினார்கள். ஆளுநர் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்தார். படம் எடுத்தார்கள். பாட்டிலைத் துணை ஆளுநரிடம் கொடுத்தார். அவர் ஷெத்லி ஐயாவிடம் கொடுத்தார். ஷெத்லி ஐயா துணை இயக்குநரிடம், அவர் மேலாளரிடம், மேலாளர் எழுத்தரிடம். கடைசியில் அது ஒரு கடைநிலை ஊழியரிடம் வந்து நின்றது. அவருக்குக் கீழே யாரும் இல்லாததால் அவர் அதை எடுத்த இடத்திலேயே மணலில் வைத்துவிட்டார். எல்லாரும் கைதட்டிவிட்டுச் சுட்ட மீன் சாப்பிடப் போனார்கள். ராதியாவும் நானும் என் கடைப் பையன்களும் பொழுது சாயும்வரை குனிந்த முதுகு நிமிராமல் பொறுக்கினோம். "ஒரு லாரி குப்பை அகற்றம்" என்று மறுநாள் பத்திரிகையில் வந்திருந்தது. அதில் பொய் இல்லைதான்.

கடற்புல் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் கடலடியிலிருந்து உதிர்ந்த புல் அலையில் வந்து கரையில் மெத்தை மெத்தையாகக் குவியும். கருப்பாக இருக்கும், நாற்றமும் உண்டு. ஆனால் மணலை அலை வாரிக்கொண்டு போகாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். யாரோ பெரியவர் வருகிறார் என்று அதை வாரித் தள்ள புல்டோசர் வந்தது. ராதியா குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"ஐயா, இது குப்பை இல்ல, புல்லு! இதை எடுத்தா மணலே நிக்காது!"

"புல்லுன்னா பச்சையால்ல இருக்கணும்?" என்றார் ஷெத்லி ஐயா.

நடைபாதை விளிம்புக்குச் சிவப்பு வெள்ளை பூசிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "பச்சை பெயிண்டு என்கிட்ட மிச்சம் கிடக்கு ஐயா, அடிச்சுடலாமா?" என்றார். ஷெத்லி ஐயா அதைக் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். கடைசியில் பாதிப் புல்லை வாரினார்கள். அடுத்த புயலில் அந்தப் பாதிக் கடற்கரை போயிற்று. 'இக்கரை எங்கள் பாதுகாப்பில் உள்ளது' என்று ஆணையம் நட்டு வைத்திருந்த பலகையும் கூடவே போயிற்று.

"கடலே நம்ம பலகையை விரும்பி எடுத்துக்கிச்சு" என்று ஷெத்லி ஐயா கூட்டத்தில் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது.

இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் போன வருடம் ஆனி மாதம், மிச்சமிருந்த பாதிக் கரையில், ஒரு பெருந்தலை ஆமை ஏறி வந்து முட்டையிட்டுப் போயிருந்தது. விடியலில் நடக்கப் போன ராதியா அதன் தடத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அண்ணே, நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒருதடவை பார்த்தது. அதுக்கப்புறம் நம்ம கரைக்கு ஒண்ணுகூட வரல. இப்ப வந்திருக்கு! நம்மளை நம்பி வந்திருக்கு!"

என்னை நம்பி யாரும் இதுவரை முட்டையிட்டதில்லை. எனக்கும் நெஞ்சு விம்மிவிட்டது.

குஞ்சுகள் வெளியே வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் மேலே ஆள் நடமாடி மணலை மிதித்து இறுக்கிவிட்டால் உள்ளேயே மூச்சடைத்துப் போகும். முட்டையை இடம் மாற்றினாலும் கரு செத்துவிடும். இதெல்லாம் ராதியா சொன்னது. இரண்டு மாதம் என்று கணக்குப் பார்த்தால் ஆணையத்தின் கடல் வார நிறைவு விழாவில் வந்து நின்றது. விழாவுக்குத் தலைநகரிலிருந்து மேதகு செயலர் வருகிறார். தெருவிலிருந்து அவர் பேசும் இடம்வரை சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள். அந்தக் கம்பளம் போகிற வழி நேராக அந்தக் கூட்டின் மேல்தான்.

ராதியா இயக்குநரிடம் ஓடினாள்.

"கம்பளத்தைக் கொஞ்சம் வளைச்சுப் போட்டா போதும் ஐயா."

"மேதகு செயலர் வளைஞ்சு நடக்கமாட்டாரு."

"அப்ப வேற இடத்துல நடத்தலாமே?"

"அவருக்குப் பின்னாடி கடல் தெரியணும். கடல் வாரம்மா இது! அது சரி, அந்த ஆமை யார்கிட்ட அனுமதி வாங்கி முட்டை போட்டுச்சு?"

விஷயம் பெரிதாகி ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று வாரம் கூடிக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. ஆமை கடலில் இருக்கும்வரை ஆணையத்தின் பொறுப்பு. கரையேறிவிட்டால் நகராட்சியின் பொறுப்பு. ஆனால் முட்டை என்று வந்துவிட்டால் அது வேளாண்மைத் துறையின் கோழிப் பிரிவைச் சேர்ந்தது.

கோழிப் பிரிவிலிருந்து பூராவி என்றொரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். வெயிலில் மணலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, கோழி எங்கே?"

"இது ஆமைங்க."

"சரி. அடைகாக்கிறது யாரு?"

"யாருமில்ல. மணல் சூடுதான்."

"தாய்?"

"கடலுக்குப் போயிடுச்சு."

பூராவி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "எங்க சட்டத்துல, கைவிடப்பட்ட முட்டையைச் சாப்பாட்டு முட்டைன்னுதான் கணக்கு வைப்போம். நான் அப்படி எழுதினா நாளைக்கே யாராவது வந்து எடுத்துட்டுப் போவான். நான் வரவே இல்லைன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு என் கடையில் காப்பி குடித்துவிட்டுப் போனார். இந்த விவகாரத்தில் யாராவது உருப்படியாக ஒன்று செய்தார்கள் என்றால் அது அவர்தான்.

விழாவுக்கு முந்தின நாள். திருமணப் பந்தல் வாடகைக்கு விடுகிற ஹஸ்ஸூனா கம்பளச் சுருளோடும், மணப்பெண் உட்காரும் தங்க நிற நாற்காலியோடும் வந்து இறங்கிவிட்டான். மேதகு செயலர் உட்காருவதற்குத்தான். ஊரில் அதைவிடப் பெரிய நாற்காலி கிடையாது. ராதியா என் கடையில் வந்து தலையைக் கையால் தாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்குக் காலையில கம்பளம் விரிச்சுடுவாங்க அண்ணே. ராத்திரி காது வெச்சுக் கேட்டேன், உள்ள கீறுற சத்தம் வருது. இன்னும் ஒருநாள், ரெண்டுநாள்தான். வாசல்வரைக்கும் வந்துட்டு மிதிபட்டுச் சாகப்போகுதுங்க. நானெல்லாம் எதுக்கு அங்க உக்காந்திருக்கேன்?"

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. இன்னொரு தேநீர் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தவள், ஜன்னலோரமாகக் காலியாகக் கிடந்த மேசையையே வெறித்தாள். அதன் மேல் 'முன்பதிவு' என்று ஓர் அட்டை எப்போதும் இருக்கும்.

"அண்ணே, அது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. யாராவது பெரிய ஆளு வந்தா இருக்கட்டுமேன்னு போட்டு வெச்சது."

"எப்போலேருந்து?"

"கடை திறந்ததுலேருந்து."

"யாருமே உக்காந்ததில்லையா?"

"யாரு உக்காருவா? பெரிய ஆளு வந்தாலும், தன்னைவிடப் பெரிய ஆளுக்கு வெச்சிருக்குன்னு வேற மேசைக்குப் போயிடறான். உங்க ஷெத்லி ஐயாவே அதைச் சுத்திக்கிட்டுத்தான் கழிப்பறைக்குப் போவாரு."

ராதியா எழுந்தாள். அட்டையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஹஸ்ஸூனாவிடம் பித்தளைக் கால் நான்கும், மாப்பிள்ளை வீட்டாரைத் தனியே உட்காரவைக்கக் கட்டுகிற சிவப்பு வெல்வெட் கயிறும் வாங்கினாள். கூட்டைச் சுற்றி நட்டுக் கயிற்றைக் கட்டி, நடுவில் அட்டையை வைத்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஷெத்லி ஐயா வந்தார். கம்பளம் போகிற வழிக்கு நடுவே அந்தச் சதுரத்தைப் பார்த்ததும் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"தங்கச்சி... யாருக்கு இது?"

"நம்ம எல்லாரையும்விட மூத்தவங்களுக்கு ஐயா."

"மேதகு செயலரைவிடவா?"

"நம்ம ஆணையமெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கறவங்க."

ஷெத்லி ஐயா குனிந்து அட்டையை இன்னொரு முறை படித்தார். "எனக்குத் தகவலே வரலையே" என்று முனகியவர், அப்படிச் சொன்னால் தமக்குத் தகவல் வராத அளவுக்குத் தாம் சின்ன ஆள் என்று ஆகிவிடும் என்பது உறைக்க, "வந்தது, வந்தது" என்று திருத்திக்கொண்டார். பிறகு ஹஸ்ஸூனாவைப் பார்த்துச் சீறினார். "அறிவிருக்காய்யா? கம்பளத்தை நேரா விரிச்சுக்கிட்டு வர்றியே? வளைச்சுப் போடு!"

சூரியன் இறங்கி, மாலைத் தொழுகை முடிந்து விழா தொடங்கியது. கூட்டத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய விளக்குக் கம்பங்கள். மின்சாரம் வழக்கம்போல என் கடையிலிருந்து. மேதகு செயலர் வந்தார். கம்பளத்தில் நடந்து வந்தவர் கயிற்றைக் கண்டதும் நின்றார். அட்டையைப் படித்தார். தலையைத் தாழ்த்தி ஒரு வணக்கம் வைத்துவிட்டு வளைந்து போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதே இடத்தில் அதே மாதிரி வணங்கிவிட்டு வளைந்தார்கள். நான் கடை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடலுக்கு முதுகைக் காட்டியபடி அவர் பேச ஆரம்பித்தார்.

"கடல் நமது தாய். தாயைப் பார்க்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் தாயைப் பற்றி நாம் நடத்திய கூட்டங்களுக்குக் கணக்கே இல்லை! கடந்த ஆண்டு கடலைக் காப்பாற்ற ஒதுக்கிய நிதி முழுவதையும் ஒரு துளி வீணாக்காமல் கடலைக் காப்பாற்றும் கட்டடத்துக்கே செலவிட்டோம். அந்தக் கட்டடம் இன்று முழுப் பாதுகாப்பில் உள்ளது!"

கைதட்டல். அவருடைய கண் மட்டும் காலிச் சதுரத்தை விட்டு அகலவில்லை. அந்தப் பெரியவர் வருவதற்குள் பேச்சை முடித்துவிட்டால் மரியாதைக் குறைவு. ஆகவே முடிக்காமல் இழுத்தார். மீன்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். உப்பின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்.

அப்போதுதான் மணல் அசைந்தது. அட்டை சாய்ந்து விழுந்தது. ஒரு குட்டிக் கருந்தலை வெளியே வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கொதிக்கிற பால் பொங்கி வழிகிற மாதிரி குஞ்சுகள் மேலே வந்துகொண்டே இருந்தன. வந்தவை கடலைப் பார்க்கவில்லை. ஆமைக் குஞ்சுக்கு எது பிரகாசமாக இருக்கிறதோ அதுதான் கடல். எல்லாம் விளக்குக் கம்பத்தைப் பார்த்து, கூட்டத்தின் செருப்புக் கால்களை நோக்கித் திரும்பிவிட்டன.

ராதியா ஷெத்லி ஐயாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயா, விளக்கை அணைக்கச் சொல்லுங்க! மிதிபட்டுடும் ஐயா!"

"மேதகு பேசறப்ப விளக்கை அணைக்கவா? என் வேலையை அணைச்சுடுவாங்கம்மா!"

அவள் கடையைப் பார்த்துத் திரும்பினாள். என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். ஆணையம் நினைத்தால் என் கடை உரிமத்தை நாளைக்கே பிடுங்கிவிடும். அது என் நினைவுக்கு வருவதற்குள் கை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டது.

எல்லாம் இருட்டு. ஒலிபெருக்கியும் செத்தது. கடலுக்கு மேலே அப்போதுதான் எழுந்திருந்த நிலா மட்டும் தண்ணீரில் கிடந்தது.

"யாரும் அசையாதீங்க!" என்று ராதியா கத்தினாள். ஒப்புதல் இல்லாமல், துறைமுகத்தில் கத்துகிற அதே பழைய குரல். "ஒரு காலைக்கூடத் தூக்காதீங்க! அப்படியே நில்லுங்க!"

பாதுகாப்பு உத்தரவு என்று நினைத்து அத்தனை பேரும் விறைத்து நின்றார்கள். மேதகு செயலர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். இருட்டில் அவருடைய குரல் நடுங்கியது.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாங்க" என்றாள் ராதியா.

"தனியாவா?"

"இல்ல. குடும்பத்தோட."

"என் காலுல ஏதோ ஊருதே!"

"அவங்கதான். நகராதீங்க."

நகரவில்லை. குஞ்சுகள் திரும்பி, நிலா வெளிச்சத்தைப் பார்த்து, மேதகு செயலரின் பளபளக்கும் பூட்ஸ் மேல் ஏறி இறங்கி, மணப்பெண் நாற்காலிக்கு அடியில் புகுந்து கடலுக்குப் போயின. மணலில் சின்னச் சின்ன உரசல் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கடல் வாரம் முழுவதிலும் கடலுக்கு ஆணையம் செய்த ஒரே நல்ல காரியம் அந்தச் சில நிமிடம் சும்மா நின்றதுதான். கடைசிக் குஞ்சும் அலைக்குள் போனதும் ராதியா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். நான் விளக்கைப் போட்டேன்.

மேதகு செயலர் காலிச் சதுரத்தைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் ராதியா கண்ணைத் துடைத்தபடி. "நேரா வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க."

"அதுதான் பெரியவங்க குணம்" என்றார் அவர் உருகிப்போய்.

என் உரிமத்தை யாரும் தொடவில்லை. இருட்டில் வரவேற்பு தந்தது புதுமையாக இருந்ததென்று ஷெத்லி ஐயாவுக்குப் பாராட்டு வந்தது. ராதியா மட்டும் அந்தக் குளிர்காலம் முழுக்க ஹஸ்ஸூனாவிடம் பித்தளைக் காலும் வெல்வெட் கயிறும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் வந்து பாருங்கள், எங்கள் கரை நெடுக முன்பதிவுதான். கடற்புல் குவியலைச் சுற்றிக் கயிறு, மணல்மேட்டைச் சுற்றிக் கயிறு. புல்டோசர் ஓட்டுகிறவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வளைந்து போகிறான். புல் அங்கேயே கிடக்கிறது. மணலும் நிற்கிறது.

போன வாரம் விடியலில் ஷெத்லி ஐயா சர்க்கரை வியாதிக்காக நடந்துகொண்டிருந்தார். திடீரென்று நின்று, கடை திறந்துகொண்டிருந்த என்னையும் ராதியாவையும் கைகாட்டி அழைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு பதற்றம். ஒரு கயிற்றுச் சதுரத்துக்குள், இரவே வந்து இன்னும் வேலை முடியாத ஒரு பெருந்தலை ஆமை, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்துடுப்பால் மணலைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, யாரு அதை உள்ள விட்டது? பெரியவங்க இடமாச்சே!" என்று கிசுகிசுத்தார்.

"சத்தம் போடாதீங்க ஐயா" என்றாள் ராதியா. "அவங்க பேர்லதான் முன்பதிவு."

ஷெத்லி ஐயா ஆமையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு காதிலிருந்த மல்லிகைச் செண்டைச் சரிசெய்துகொண்டு, தலையைத் தாழ்த்தி ஆமைக்கு ஒரு வணக்கம் வைத்தார்.